பெயரை மாற்றச் சொல்வதற்கு முன்

2020 ஆகஸ்டில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 5.9ஆம் பதிப்புக்கான மாற்றங்கள் சேர்க்கப்பட்டபோது, 'கேஇசட்ஃப்ரீ' என்ற செயற்கூறின் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டின்) பெயர் 'கேஃப்ரீ_சென்சிடிவ்' என்று ஆயிற்று. அது செய்யும் வேலை மிகச் சிறியது. மறையாக்கச் சாவி, கடவுச்சொல் போன்றவை இருந்த நினைவகத்தைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுக்கும்போது, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுக்கும். பழைய பெயரிலிருந்த 'இசட்' பூஜ்யத்தைக் குறித்தது. பூஜ்யத்தால் நிரப்பிய நினைவகத்தைத் தரும் 'கேஇசட்அலாக்' என்ற செயற்கூறு அதற்கு முன்பே இருந்ததால், வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என்று இரண்டு பெயர்களும் ஜோடியாக அழகாகப் பொருந்தின. அந்த அழகுதான் சிக்கல் என்றார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்.

அவருடைய வாதத்தின் சாரம் இது. பெயர்கள் ஜோடியாக இருந்தால் பயன்பாடும் ஜோடியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொருத்தமே படிப்பவரை வழிதவறச் செய்யும். நினைவகம் கேட்பவருக்குப் பூஜ்யம் உண்மையிலேயே தேவை. அவர் கேட்பதில் அதுவும் ஒரு பகுதி. திருப்பிக் கொடுப்பவருக்கோ, இருந்த ரகசியம் இனி யார் கையிலும் சிக்கக்கூடாது என்பது மட்டுமே கவலை. நாளைக்குப் பூஜ்யத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது ஓர் எண்ணை அங்கே நிரப்பலாம் என்று முடிவு செய்தாலும் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆகவே பெயர் சொல்ல வேண்டியது 'இது ரகசியத் தகவல்' என்பதைத்தான். அதை எப்படி அழிக்கிறோம் என்பது உள்வேலை. அதே ஆண்டில் அந்த உள்வேலையும் திருத்தப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். விடுவிக்கப்போகும் நினைவகத்தில் எழுதுவது வீண் என்று கருதி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த அழிப்பையே நீக்கிவிட இடமிருந்தது. அப்படி நீக்க முடியாத வகையில் அழிக்கும் வேறொரு செயற்கூறு அங்கே வைக்கப்பட்டது.

ஒரு சிறிய திறமூல சேமிப்பக லைப்ரரிக்கு வரும் பேட்சுகளை, அதாவது பிறர் அனுப்பும் நிரல் மாற்றங்களை, படித்துக் கருத்துச் சொல்லும் வேலையை ஓய்வு நேரத்தில் செய்துவருகிறேன். பெயர்களைப் பற்றிய விவாதம் எழாத வாரம் அபூர்வம். அந்த விவாதங்களில் பெரும்பாலானவை எவருக்கும் பயன்படாதவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு திறமூல இயங்குதளத்தின் நிரலர்களிடையே, சொன்ன நேரம் வரை காத்திருக்கும் 'ஸ்லீப்' கட்டளை பின்ன விநாடிகளை ஏற்க வேண்டுமா என்று ஒரு பெரும் வாக்குவாதம் எழுந்தபோது, பால்-ஹென்னிங் காம்ப் என்பவர், நிர்வாகங்களைப் பற்றி எழுதிய பார்க்கின்சன் சொன்ன பழைய உதாரணத்தை எடுத்து நிறுத்தினார்: அணுமின் நிலையத்துக்கான திட்டம் கேள்வியில்லாமல் நிறைவேறிவிடும், சைக்கிள் கொட்டகை கட்டுவதற்கோ ஆளாளுக்குக் கருத்து இருக்கும். அன்று முதல் திறமூல உலகில் பெயரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் 'சைக்கிள் கொட்டகை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கமும் வந்துவிட்டது. எனக்கு இந்த வழக்கத்திலும் உடன்பாடு இல்லை. கொட்டகையின் நிறம் தவறாக இருப்பதால் எவரும் அதற்குள் தவறான வண்டியை நிறுத்துவதில்லை. செயற்கூறின் பெயர் தவறாக இருந்தால், அதை நம்பி அழைப்பவர் தவறான நிரலை எழுதுவார். அந்த நிரல் கம்பைலரையும் சோதனைகளையும் தாண்டிப் பயனாளியின் இயந்திரம் வரை போய்ச் சேரும்.

எனவே நான் எனக்கென்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். ஒரு பெயரை மாற்றச் சொல்வதானால், அந்தப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காத ஒருவர் எந்த வரியைத் தவறாக எழுதுவார் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், அது என் ரசனை. ரசனைக்காக இன்னொருவரின் மாலைப் பொழுதை நான் எடுத்துக்கொள்ளக்கூடாது.

இந்த நிபந்தனையை எனக்குக் கற்றுக்கொடுத்தது கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டு ஃபிளாக்குகளின் வரலாறு. நினைவகம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பும் 'ஜிஎஃப்பி' என்று தொடங்கும் ஒரு ஃபிளாக்கைத் தர வேண்டும்: காத்திருக்கலாமா, தோற்றால் பரவாயில்லையா, எந்த வகை நினைவகம் என்பதையெல்லாம் அது சொல்லும். அவற்றில் ஒன்று 'ஜிஎஃப்பி_ரிபீட்'. பெயரைப் பார்த்தால், முதல் முயற்சி தோற்றால் மறுபடி முயலும் என்று தோன்றும். உண்மையில் எட்டுப் பக்கங்கள் (பக்கம் என்பது கெர்னல் நினைவகத்தைப் பிரித்து எண்ணும் அலகு) வரையிலான கோரிக்கைகளில், அதாவது பக்கத்துக்கு 4 கிலோபைட் என்றால் 32 கிலோபைட் வரை, கெர்னல் எப்படியும் விடாமல் முயன்றுகொண்டிருக்கும். அங்கே இந்த ஃபிளாக்குக்கு எந்த விளைவும் இல்லை. அதைவிடப் பெரிய கோரிக்கைகளுக்குத்தான் அது பொருள்பட்டது. ஆயினும் சிறிய ஒதுக்கீடுகளில், 'இருந்தால் நல்லதுதானே' என்ற எண்ணத்தில், பல இடங்களில் அதைச் சேர்த்திருந்தார்கள். விளைவில்லாத அந்தப் பயன்பாடுகளை முதலில் நீக்கிவிட்டு, 2017இல், 4.13ஆம் பதிப்பில், அதன் பெயரை 'ஜிஎஃப்பி_ரிட்ரை_மேஃபெயில்' என்று மாற்றினார்கள். மறுபடி முயலும், ஆனாலும் தோற்கலாம். நீளமான, காதுக்கு இனிமையில்லாத பெயர்தான். ஆனால் அதை எழுதுபவர் தோல்வியைக் கையாள வேண்டும் என்பதை மறக்க வழியில்லை.

அடுத்த பதிப்பில் 'ஜிஎஃப்பி_டெம்பரரி' என்ற ஃபிளாக்கையே நீக்கிவிட்டார்கள். இது இன்னும் சுவையான கதை. அந்த ஃபிளாக் உண்டாக்கப்பட்டதன் நோக்கம், விரைவில் மீட்டெடுக்கக்கூடிய நினைவகத் துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, நினைவகம் சிதறிப்போவதைத் தடுப்பது. பயன்படுத்தியவர்கள் கண்டது 'தற்காலிகம்' என்ற சொல்லை மட்டும். எவ்வளவு நேரம் தற்காலிகம்? அந்த நினைவகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கப் போகலாமா? ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு எங்கேயும் விடை எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் தம் மனத்துக்குப் பட்ட கால அளவை வைத்துக்கொண்டார்கள். நல்ல பெயரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முடியாது என்றே நினைக்கிறேன். அங்கே இல்லாமல் போனது வரையறை. பெயரை எப்படித் திருத்தலாம் என்று முயலும்போதுதான் அடியில் ஒன்றுமே இல்லை என்பது வெளிப்படும். மறுஆய்வில் பெயரைப் பற்றிப் பேசுவதால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுவே என்பது என் கருத்து.

எங்கள் லைப்ரரியிலும் இதே போன்று ஒன்று நேர்ந்தது. பதிவேட்டை எழுதும் பகுதிக்கு வந்த ஒரு பேட்சில் 'லாக்_ஃப்ளஷ்' என்று ஒரு செயற்கூறு இருந்தது. உள்ளே பார்த்தால், தரவு டிஸ்க்கில் போய்ச் சேரும் வரை காத்திருக்கும் 'எஃப்சிங்க்' அழைப்பு இருந்தது. சி மொழியைப் படித்தவர்களுக்கு 'ஃப்ளஷ்' என்றவுடன் 'எஃப்ஃப்ளஷ்' நினைவுக்கு வரும். அது நிரலின் பஃபரில் (தற்காலிகத் தேக்கத்தில்) உள்ளதைக் கெர்னலிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிடும். மின்சாரம் போனால் கெர்னலிடம் இருப்பது காணாமல் போகும். பேட்சை அனுப்பியவர், தம் செயற்கூறு பெயர் சொல்வதைவிட அதிகமாகவே பாதுகாப்புத் தருகிறது, குறைவாகத் தந்தால்தானே புகார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 'ஃப்ளஷ்' மலிவானது என்று நம்பி, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அதை அழைக்கும் சுற்று ஒன்றை இன்னொருவர் எழுதுவார். டிஸ்க்கின் வேகத்துக்கு அந்த நிரல் முழுவதும் தவழும். அந்தச் சுற்றை நான்கு வரியில் எழுதிக் காட்டியதும் பெயர் 'லாக்_சிங்க்' என்று மாறியது. வாக்குக்குக் கூடுதலாகச் செய்வதும் சில இடங்களில் வாக்கு மீறல்தான். ஒரு துணைச் செய்தி: 'சிங்க்' என்ற சொல்லும் புனிதமானது ஒன்றும் இல்லை. 'சிங்க்' என்ற சிஸ்டம் காலை (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை) பொறுத்தவரை, எழுதும் பணி முடியும் முன்பே அது திரும்பிவிடலாம் என்று போசிக்ஸ் என்ற இயங்குதளத் தரநிலை அனுமதிக்கிறது; லினக்ஸ் முடியும் வரை காத்திருக்கும்.

மரபு என்று எழுதிவைக்கப்பட்ட விதிகள் இவற்றில் எவ்வளவு தூரம் உதவும்? கெர்னலின் நிரல் நடை ஆவணம், உள்மாறிகளுக்குச் சிறிய பெயரும், எல்லோருக்கும் தெரியும் செயற்கூறுகளுக்கு விளக்கமான பெயரும் வேண்டும் என்கிறது. மாறியின் வகையைப் பெயரிலேயே ஒட்டவைக்கும் ஹங்கேரியன் முறையைக் கடுமையான சொற்களில் நிராகரிக்கிறது. ஆனால் அதே கெர்னலின் யுஎஸ்பி பகுதியைத் திறந்தால் 'பிலெங்த்', 'ஐடிவெண்டர்', 'டபிள்யுமேக்ஸ்பேக்கெட்சைஸ்' என்று வகையைச் சுமக்கும் பெயர்கள், நடுவில் பெரிய எழுத்துகளோடு, வரிசையாக நிற்கின்றன. யுஎஸ்பி தரநிலையில் அப்படித்தான் இருக்கிறது. தரநிலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரலைப் படிப்பவர் ஒரே பெயரைத் தேட வேண்டும் என்பதால் விதி அங்கே விட்டுக்கொடுத்தது. சரியான விட்டுக்கொடுப்பு.

அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி, படித்தவர்கள் எளிதில் தாண்டிப் போகும் ஒன்று. செயற்கூறின் பெயர் ஒரு கட்டளையாக இருந்தால், வெற்றிக்குப் பூஜ்யமும் தோல்விக்கு எதிர்மறைப் பிழை எண்ணும் திரும்ப வேண்டும். பெயர் ஆம்-இல்லை என்று விடை கேட்பதாக இருந்தால், உண்மைக்கு ஒன்றும் பொய்க்குப் பூஜ்யமும் திரும்ப வேண்டும். வேலையைச் சேர்க்கும் 'ஆட்_வொர்க்' பூஜ்யம் தந்தால் மகிழ்ச்சி. ஒரு சாதனம் இருக்கிறதா என்று கேட்கும் 'பிசிஐ_டெவ்_பிரசென்ட்' பூஜ்யம் தந்தால் சாதனம் இல்லை. சி மொழியில் இரண்டும் வெறும் முழு எண்கள். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஆகவே வினைச்சொல்லா, வினாவா என்ற பெயரின் இலக்கணமே வகைச் சரிபார்ப்பின் வேலையைச் செய்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பெயரைப் பற்றி விவாதிப்பதை நேர விரயம் என்று யார் சொல்ல முடியும்?

ரஸ்ட் மொழியில் இந்தச் சுமையின் ஒரு பகுதியைக் கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. எழுத்துகளின் பெரிது-சிறிது வடிவம் மரபுக்கு மாறாக இருந்தால் அதுவே எச்சரிக்கும். மீதமிருப்பது பொருள் பற்றியது: 'ஆஸ்' என்று தொடங்கினால் செலவில்லாத பார்வை மாற்றம், 'டு' என்றால் செலவுள்ள நகல், 'இன்டு' என்றால் பழைய பொருள் கைமாறிவிட்டது. முன்னொட்டைப் படித்தே விலையைத் தெரிந்துகொள்ளலாம். ரஸ்ட் கெர்னலுக்குள் வந்தபோது இரு மரபுகளும் மோதிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. சி பக்கத்துப் பெயருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்து, எழுத்து வடிவத்தை மட்டும் ரஸ்ட் முறைக்கு மாற்றுக என்ற வழிகாட்டுதலோடு அது பெருமளவு தீர்ந்தது.

பெயர் இருப்பதே தீங்காகும் இடமும் உண்டு. 2025 ஆகஸ்டில், 6.17ஆம் பதிப்புக்காக வந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலிக் கட்டமைப்பின் மாற்றத் தொகுப்பை டோர்வால்ட்ஸ் திருப்பி அனுப்பினார். தாமதமாக வந்தது ஒரு காரணம். உள்ளே 'மேக்_யு32_ஃப்ரம்_டூ_யு16' என்ற சிறு உதவிச் செயற்கூறு எல்லோருக்கும் பொதுவான ஹெடர் ஃபைலில் சேர்க்கப்பட்டிருந்தது இன்னொரு காரணம். அவர் பயன்படுத்திய சொற்களின் கடுமை தேவையில்லாதது. வாதம் மட்டும் அசைக்க முடியாதது. இரண்டு 16 பிட் எண்களைச் சேர்த்து ஒரு 32 பிட் எண் செய்கிறது என்று பெயர் சொல்கிறது. இரண்டில் எது மேல் பாதி, எது கீழ்ப் பாதி? பெயர் சொல்லவில்லை. '(ஏ << 16) + பி' என்று, அதாவது ஏ-யை 16 பிட் மேலே நகர்த்திப் பி-யைக் கூட்டு என்று, நேராக எழுதினால், படிப்பவர் ஒரே பார்வையில் விடையைக் காண்பார். தெரிந்த ஒன்றை மறைத்து, தேடிப் போக வைத்தது அந்தப் பெயர்.

இதற்கு நேர் எதிரானது 'ஃபோலியோ' விவகாரம். கெர்னல், நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'ஸ்ட்ரக்ட் பேஜ்' என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. வழக்கமான 64 பிட் இயந்திரத்தில் அதன் அளவு 64 பைட். 16 ஜிகாபைட் நினைவகத்தில் இந்தக் குறிப்புகளே 256 மெகாபைட்டைப் பிடித்துக்கொள்ளும். பல பக்கங்களைச் சேர்த்து ஒரே துண்டாகக் கையாளும்போது, முதல் பக்கம் தலை, மற்றவை வால். ஒரு செயற்கூறுக்குப் பக்கத்தின் சுட்டி (அதன் குறிப்பு இருக்கும் முகவரி) வந்தால், அது தனிப் பக்கமா, தலையா, வாலா என்று தெரியாது. தெரியாததால் ஒவ்வொரு செயற்கூறும் எதற்கும் இருக்கட்டும் என்று தலையைத் தேடிப் போகும். அதை அழைத்தவரும் ஏற்கெனவே தேடியிருப்பார். கெர்னல் நிரலர் மேத்யூ வில்காக்ஸ் 2020 இறுதியில் முன்வைத்த தீர்வு ஒரு புதிய வகை: இந்தச் சுட்டி ஒருபோதும் வாலைக் காட்டாது என்ற உறுதிமொழிக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் ஃபோலியோ.

அந்தச் சொல்லிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை என்று டோர்வால்ட்ஸ் உட்படப் பலர் குறை சொன்னார்கள். பக்கத் தொகுதி என்ற பொருளில் வேறு பெயர்கள் முன்மொழியப்பட்டன. பெயரோடு சேர்ந்து, இந்த வகை எதையெல்லாம் உள்ளடக்க வேண்டும் என்ற ஆழமான கேள்வியை இன்னொரு கெர்னல் நிரலர் யோஹன்னஸ் வெய்னர் எழுப்பினார். கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்கு மட்டுமா, கெர்னல் பக்கமாக எண்ணும் எல்லாவற்றுக்குமா? 5.15ஆம் பதிப்பில் அது சேரவில்லை. 2022 ஜனவரியில் வெளியான 5.16இல் அதே பெயரோடு சேர்ந்தது. என் நிபந்தனையை இங்கே வைத்துப் பார்த்தால், ஃபோலியோ என்ற பெயரைப் பார்த்து யாரும் எதையும் தவறாக எழுத மாட்டார்கள், ஏனெனில் அந்தப் பெயரிடம் முன்கூட்டிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. தெரியாதவர் வரையறையைப் போய்ப் படிப்பார். 'பக்கம்' என்ற சொல்லுக்குத்தான் பத்துப் பொருள் சேர்ந்துபோய், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டார்கள். பக்கம் என்ற சொல்லை மறுபடியும் உள்ளே வைத்துச் செய்யும் எந்தப் புதுப் பெயரும் அந்தக் குழப்பத்தைக் கூடவே இழுத்து வந்திருக்கும். விவாதமும் வீண் போகவில்லை: 5.17இல் சிறு ஒதுக்கீடுகளுக்கான 'ஸ்லாப்' தனி வகையாகப் பிரிந்தது, பின்னர் 6.6இல் பக்க அட்டவணைகளுக்கான 'பிடிடெஸ்க்' வந்தது. வெய்னர் எழுப்பிய கேள்விக்கு, ஒன்றாகக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரிடுவதன் மூலம் கெர்னல் இன்னும் விடை எழுதிக்கொண்டிருக்கிறது.

கெர்னலின் உள்ளே இருக்கும் பெயரை மாற்றலாம். பயனர் நிரல்கள் காணும் பெயரை மாற்ற முடியாது. சிஸ்டம் கால்களின் பின்னால் வரும் எண்களைப் பாருங்கள். 'டப்3' மூன்று அளவுருக்களை (அழைக்கும்போது தரும் மதிப்புகளை) ஏற்கும், 'அக்செப்ட்4' நான்கை. எண் என்பது அளவுருக்களின் எண்ணிக்கை என்று தோன்றும். 'ரினேம்அட்2' ஐந்தை ஏற்கிறது. 2019இல் வந்த 'க்ளோன்3' இரண்டை மட்டும் ஏற்கிறது. இட்டேனியம் இயந்திரத்தில் 'க்ளோன்2' ஏற்கெனவே இருந்ததால் இது மூன்றாவது. இரு மரபுகளும் ஒரே பட்டியலில் என்றைக்கும் கலந்தே இருக்கும். '/ப்ராக்/மெம்இன்ஃபோ' ஃபைலில் 'மெம்ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்த்து நினைவகம் தீர்ந்துபோயிற்று என்று பதறியவர்களுக்காக, 2014இல் 3.14ஆம் பதிப்பு 'மெம்அவைலபிள்' என்ற இன்னொரு வரியைச் சேர்த்தது; பழைய வரி அப்படியே நிற்கிறது. 2020இல் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' போன்ற சொற்களைப் புதிய நிரலில் தவிர்க்கச் சொல்லும் பகுதி நடை ஆவணத்தில் சேர்ந்தபோதும், பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் பெயர்களுக்கும் வன்பொருள் தரநிலைகளின் பெயர்களுக்கும் விலக்குத் தரப்பட்டது.

உள்பெயர்களை மாற்றுவதும் இலவசமில்லை. 2025இல், 6.15ஆம் பதிப்பில், 'டெல்_டைமர்' என்ற செயற்கூறு கெர்னல் முழுவதும் 'டைமர்_டிலீட்' ஆயிற்று. டைமர் தொடர்பான எல்லாமே 'டைமர்' என்று தொடங்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். மாற்றத்தைச் செய்ததும் கருவி நிரல்தான். இருந்தாலும், நீண்டகாலப் பராமரிப்பிலுள்ள பழைய பதிப்புகளுக்கு ஒரு பிழைத்திருத்தத்தை எடுத்துச் செல்பவர் இனி ஒவ்வொரு முறையும் பெயரைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். ஒரு வரியின் வரலாற்றைத் தேடுபவர் இந்தப் பெயர் மாற்றத்தில் முட்டி நின்று அதற்கு அப்பால் தோண்ட வேண்டியிருக்கும்.

இந்தச் செலவை எண்ணும்போதெல்லாம் எனக்கு 'அன்லாக்டு_ஐஆக்டில்' நினைவுக்கு வரும். கெர்னல் முழுவதையும் ஒரே பூட்டால் காத்த காலத்தில், டிரைவர்களின், அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்களின், 'ஐஆக்டில்' (பயனர் நிரல் சாதனத்துக்குக் கட்டளையிடும் வழி) அந்தப் பெரிய பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் அழைக்கப்பட்டது. பூட்டில்லாமல் அழைக்கப்படச் சம்மதிக்கும் டிரைவர்களுக்காக 2005இல், 2.6.11ஆம் பதிப்பில், இந்த இரண்டாவது பெயர் வந்தது. பழைய 'ஐஆக்டில்' 2010இல் நீக்கப்பட்டது. பெரிய பூட்டே 2011இல், 2.6.39இல், முழுமையாக மறைந்தது. பூட்டு போய்விட்டது, அது இல்லை என்று அறிவிக்கும் பெயர் மட்டும் நூற்றுக்கணக்கான டிரைவர்களில் இன்றும் இருக்கிறது. இதைச் சுருக்கி வெறும் 'ஐஆக்டில்' ஆக்கிவிடலாமே என்று ஒரு பேட்ச் வந்து, என்னிடம் கருத்துக் கேட்டால், வேண்டாம் என்றே எழுதுவேன். அந்த டிரைவரை இன்று முதன்முதலாக எழுதுபவர் வரலாறு தெரியாமலே அந்தப் பெயரைப் படிக்கிறார். உங்களை அழைக்கும்போது கெர்னல் எந்தப் பூட்டையும் உங்களுக்காகப் பிடித்திருக்காது என்று அது சொல்கிறது, அது இன்றைக்கும் உண்மை.